வேலையும் ஓய்வும் (குமரப்பாவின் கருத்து)

வேலையும் ஓய்வும் பற்றிய குமரப்பாவின் கருத்து என்பது, ஓய்வும் மன அமைதியும் வேலைக்கு வெளியே தேடப்பட வேண்டியவை அல்ல, நல்ல வேலையின் உள்ளேயே அமைந்திருக்க வேண்டியவை என்னும் கருத்தாகும். இதனை முன்வைத்தவர் காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா (1892–1960). 1945 ஆம் ஆண்டில் வெளிவந்த "எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்" (நிலைத்திருக்கும் பொருளாதாரம்) என்னும் ஆங்கில நூலில் வேலையின் இயல்பைப் பற்றி அவர் விரிவாக எழுதியுள்ளார்.

குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். உயர் இரத்த அழுத்தத்தால் உடல்நலம் குன்றிய நிலையிலேயே அவர் அங்கு சென்றார். வேலையையும் ஓய்வையும் பிரிக்கக் கூடாது என்று எழுதியவர், வேலையை விட்டு ஓய்வெடுக்க வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளானார். இக்கருத்தின் வலிமையையும் எல்லையையும் விளங்கிக்கொள்ள இந்த முரண் உதவுகின்றது.

குமரப்பா

குமரப்பா 1892 சனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னிலியஸ். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் கணக்குத் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். தொடர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றார். அங்கு அவர் எழுதிய ஆய்வு, இந்தியாவின் வறுமைக்கும் பிரித்தானிய அரசின் நிதிக் கொள்கைக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. அதனை வெளியிடும் முயற்சியே அவரை 1929 இல் காந்தியிடம் கொண்டு சேர்த்தது. மேனாட்டு உடையை விட்டுக் கதருக்கு மாறியதும் அக்காலத்தில்தான்.

1934 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் உள்ள மகன்வாடியிலிருந்து நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, புகையில்லா அடுப்பு, தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஆகியவை அங்கு ஆராயப்பட்டன. ஒரு பொருளின் விலையை மட்டும் பாராமல், அதனைச் செய்யும் மனிதருக்கு அவ்வேலை என்ன செய்கின்றது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் அடிப்படை. தொழில்முறைத் தணிக்கையாளர் ஒருவரிடமிருந்து இந்த வாதம் வந்தது குறிப்பிடத்தக்கது.

1942 ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு போராட்டத்தைத் தொடர்ந்து சிறை சென்றார். மேற்கூறிய நூலும், இயேசுவின் போதனைகளைப் பற்றிய மற்றொரு நூலும் ஜபல்பூர்ச் சிறையில் எழுதப்பட்டவை. முதல் நூலுக்குக் காந்தி 1945 ஆகத்து மாதத்தில் முன்னுரை எழுதினார்.

கருத்து

குமரப்பாவின் பார்வையில் எந்த வேலையிலும் இரண்டு பகுதிகள் கலந்தே இருக்கின்றன. ஒன்று பாடு: திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய, உடலையும் பொறுமையையும் வாங்குகின்ற பகுதி. மற்றொன்று ஆக்கம்: செய்பவர் தம் அறிவைச் செலுத்தி, புதிதாகக் கற்று, முடித்ததைப் பார்த்து நிறைவடையும் பகுதி. இவை இரண்டும் சேர்ந்திருக்கும் வரை வேலை மனிதரை வளர்க்கும். ஆக்கத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு பாட்டை மட்டும் வேறொருவர் தலையில் கட்டும்போது, பாட்டைச் சுமப்பவர் தேய்கின்றார். ஆக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டவரும் நலம் பெறுவதில்லை. பழைய பேரரசுகள் அடிமைகளைக் கொண்டு செய்ததும், பெரும் ஆலைகள் பிரித்த வேலையைக் கொண்டு செய்வதும் அடிப்படையில் ஒன்றே என்பது அவருடைய வாதம்.

அவர் வேலையை உணவுடன் ஒப்பிட்டார். உடலுக்கு உணவு எவ்வாறோ, மனிதரின் உயர்ந்த ஆற்றல்களுக்கு வேலை அவ்வாறு. இந்த ஒப்புமையைக் கிராமத் தொழில் சங்கம் மேற்கொண்ட கைக்குத்தல் அரிசிப் பரப்புரையுடன் சேர்த்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஆலையில் நன்கு தீட்டிய அரிசி வெண்மையாக இருக்கும், விரைவில் வேகும். ஆனால் தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்து போய்விடும். தீட்டிய அரிசியையே முதன்மை உணவாகக் கொண்ட பகுதிகளில் பெரிபெரி நோய் பரவியது அதனால்தான். தவிட்டைத் தனியே விற்று, அதன் சத்தை மாத்திரையாக வாங்கி உண்பதைப் போன்றதே, வேலையிலிருந்து நிறைவை நீக்கிவிட்டு, அதனை மாலையிலும் விடுமுறையிலும் விலை கொடுத்துத் தேடுவது.

ஓய்வு என்பது செயலின்மை என்று அவர் கொள்ளவில்லை. உழைத்த உறுப்பு இளைப்பாற, வேறொன்று இயங்குவதே ஓய்வின் பெரும்பகுதி என்பது அவருடைய நிலைப்பாடு. நாள் முழுவதும் மேசையில் அமர்ந்து எழுதுபவருக்குத் தோட்டவேலை ஓய்வாகலாம். நாள் முழுவதும் மண் வெட்டியவருக்கு அதே வேலை ஓய்வாகாது. கிராமத்துத் தச்சரின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால், மரத்தைத் தேர்வது, அளப்பது, அறுப்பது, இழைப்பது, கேட்டு வந்தவருடன் பேசுவது என்று வேலை தானாகவே மாறிமாறி வரும். இழைப்பதை மட்டும் எட்டு மணிநேரம் செய்பவருக்கு அந்த மாற்றம் இல்லை. ஆகவே, அவருக்கு ஓய்வு தனியே ஒதுக்கித் தரப்பட வேண்டியதாகின்றது.

இதே காலத்தில் மேலைநாட்டில் நிலவிய எதிர்பார்ப்பு நேர்மாறானது. 1930 இல் வெளியான ஒரு கட்டுரையில் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ், இன்னும் நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு 15 மணிநேர வேலை போதுமானதாகிவிடும் என்று கணித்தார். இயந்திரம் வேலையைக் குறைக்கும், மீதி நேரம் முழுவதும் ஓய்வாகும், அந்த ஓய்வை எவ்வாறு செலவிடுவது என்பதே மனிதரின் சிக்கலாக இருக்கும் என்று அவர் எண்ணினார். கெயின்ஸ் குறிப்பிட்ட நூறு ஆண்டுகள் 2030 இல் முடிவடைகின்றன. உற்பத்தித்திறன் அவர் எண்ணியவாறு பெருகியது. வேலை நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. கைப்பேசி வந்தபின் எது வேலை நேரம், எது மீதி நேரம் என்று பிரிப்பதே கடினமாகிவிட்டது.

கல்லுப்பட்டி ஆண்டுகள்

டி. கல்லுப்பட்டி, மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில், திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். அருகிலுள்ள தேவன்குறிச்சியின் பெயரைச் சேர்த்துத் தே. கல்லுப்பட்டி என்று எழுதுவதும் உண்டு. மழையை நம்பிய கரிசல் நிலம். பருத்தியும் சிறுதானியமும் விளையும் பகுதி. காந்தியரான வேங்கடாசலபதி 1940 ஆம் ஆண்டில் இங்கு காந்தி நிகேதன் ஆசிரமத்தை நிறுவினார். கதர், கிராமக் கைத்தொழில்கள், கல்வி ஆகியவை அதன் பணிகளாயின.

விடுதலைக்குப் பின் குமரப்பா காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் அறிக்கை 1949 இல் வெளியானது. சீனா, சப்பான் முதலிய நாடுகளுக்கும் சென்று வந்தார். வார்தாவை விட்டபின் அருகிலிருந்த சேல்டோ என்னும் சிற்றூரில் வேளாண்மை சார்ந்த ஆசிரமம் ஒன்றை நடத்த முயன்றார். இந்த ஆண்டுகளில் உயர் இரத்த அழுத்தம் அவரைத் தொடர்ந்து வருத்தியது. இலங்கையில் சிறிது காலம் ஆயுர்வேத மருத்துவமும் பெற்றார். 1950களில் கல்லுப்பட்டிக்கு வந்து காந்தி நிகேதனில் தங்கினார்.

கல்லுப்பட்டியிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. புதிய அரசின் திட்டங்கள் பெரும் ஆலைகளையும் பெரும் அணைகளையும் நோக்கிச் சென்ற காலம் அது. தாம் இருபது ஆண்டுகள் உழைத்த வழி கைவிடப்படுவதை அவர் கண்டார். ஆசிரமத்தின் அமைதி அந்த ஏமாற்றத்தைப் போக்கியிருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. 1960 சனவரி 30 அன்று, காந்தி கொல்லப்பட்ட அதே நாளில், சென்னையில் காலமானார்.

காந்தியின் நிலையும் இதனுடன் ஒப்பிடத்தக்கது. 1930களின் இறுதியில் காந்திக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்ததை, 2019 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அவருடைய உடல்நலக் குறிப்புகள் காட்டுகின்றன. திங்கட்கிழமைகளில் மௌனம் காப்பதை அவர் பல ஆண்டுகள் கடைப்பிடித்தார். விடியுமுன் வழிபாடு, துப்புரவு, சமையற்கூடப் பணி, நூற்பு, மாலை வழிபாடு என்று மாறிமாறி வரும் ஆசிரம நாள்முறையும் அவர் வகுத்ததுதான். எழுத்து வேலை நிறைந்த நாளின் நடுவே கைராட்டை சுற்றுவது அவருக்கு அரசியல் மட்டும் அன்று. கைக்கு வேலை, மனத்துக்கு இளைப்பாறல். இவ்வளவு ஒழுங்கு இருந்தும் இரத்த அழுத்தம் வந்தது. மரபு, வயது, சிறுநீரகத்தின் நிலை, உணவிலுள்ள உப்பு எனப் பல காரணங்கள் உயர் இரத்த அழுத்தத்துக்கு உண்டு. மன நெருக்கடி அவற்றுள் ஒன்று மட்டுமே. நிம்மதியாக இருந்தால் இரத்த அழுத்தம் வராது என்று கருதி மருந்தை நிறுத்துபவர்கள் நம்மிடையே உள்ளனர். இது ஆபத்தான தவறு.

சொல்லும் உடலியக்கமும்

ஸ்ட்ரெஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் மன அழுத்தம், மன உளைச்சல், மன இறுக்கம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. மன அழுத்தம் என்னும் சொல்லையே டிப்ரஷன் எனப்படும் நோய்க்கும் செய்தித்தாள்கள் பயன்படுத்துவதால் குழப்பம் ஏற்படுகின்றது. அந்நோயை மனச்சோர்வு என்றழைப்பதே பொருத்தம். முன்னது ஒரு நெருக்கடிக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை; பின்னது மருத்துவம் தேவைப்படும் நோய்.

பொறியியலில் இச்சொல்லுக்குத் தமிழ் தகைவு. ஒரு கம்பியை இழுக்கும்போது அதன் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை தகைவு. அதனால் கம்பியில் உண்டாகும் மாற்றம் திரிபு. இச்சொல்லை மருத்துவத்தில் நிலைபெறச் செய்தவர் வியன்னாவில் பிறந்து கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே. உண்மையில் அவர் விளக்கியது புறவிசையை அன்று, உடலில் உண்டாகும் மாற்றத்தை, அதாவது திரிபை. தமக்கு ஆங்கிலம் நன்கு வசப்பட்டிருந்தால் வேறு சொல்லைத் தேர்ந்திருப்பேன் என்ற பொருளில் அவரே பிற்காலத்தில் கூறியதாகச் சொல்லப்படுகின்றது. பொறியியல் மாணவர்கள் இதனை நினைவில் கொள்வது நல்லது. சுமையைப் பற்றிப் பேசுகிறோமா, சுமையால் நேர்ந்ததைப் பற்றிப் பேசுகிறோமா என்பது பல விவாதங்களில் தெளிவாக இருப்பதில்லை.

தமிழில் ஓய்வு என்பது ஓய்தல், அதாவது நின்றுபோதல் என்பதிலிருந்து வந்தது. இளைப்பாறுதல் என்பதோ இளைப்பு ஆறுதல். சூடான பால் ஆறுவதைப் போலக் களைப்பு மெல்லத் தணிதல். குமரப்பா குறிப்பிடும் ஓய்வுக்கு இரண்டாவது சொல்லே நெருக்கமானது.

உடலில் நிகழ்வது பின்வருமாறு. ஆபத்தை மூளை உணர்ந்தவுடன் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை வெளியிடுகின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, செரிமானம் தணிகின்றது. எதிர்க்கவோ ஓடவோ உடல் ஆயத்தமாகும் இந்நிலையை அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சில நிமிடங்கள் கழித்து, மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி ஆகியவற்றின் வழியாகத் தூண்டப்பட்டுக் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் சுரக்கின்றது. இது இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி, நெருக்கடியைத் தாக்குப்பிடிக்க உதவுகின்றது. செல்யே 1936 இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சிறு கட்டுரையில், எலிகளுக்குக் குளிர், காயம், மருந்து என எந்த இன்னல் நேர்ந்தாலும் உடல் ஒரே வகையில் எதிர்வினை காட்டுவதையும், இன்னல் நீடித்தால் இறுதியில் உடல் தளர்ந்துவிடுவதையும் குறிப்பிட்டார்.

இந்த எதிர்வினை தீங்கானது அன்று. பேருந்தின் முன்னிருந்து விலகி ஓட வைப்பதும் இதுவே, தேர்வு எழுத வைப்பதும் இதுவே. தணியாமல் நீடிப்பதுதான் தீங்கு. காட்டில் மானைத் துரத்திய புலி ஓட்டத்தை நிறுத்தியதும் மானின் உடல் ஆறத் தொடங்கும். மேலாளரின் மின்னஞ்சல் அவ்வாறு நிற்பதில்லை.

பிற்கால ஆய்வுகள்

குமரப்பாவின் கருத்து ஆய்வகத்தில் பிறந்தது அன்று. ஆயினும் அவர் மறைவுக்குப் பின் நடந்த சில ஆய்வுகள் அவர் கூறியதற்கு மிக அருகில் வந்து சேர்ந்துள்ளன. அவ்வாய்வுகளை மேற்கொண்டோர் அவருடைய நூல்களைப் பின்பற்றியவர்கள் அல்லர் என்பதால் இப்பொருத்தம் கவனிக்கத்தக்கது.

பிரித்தானிய அரசு ஊழியர்களை வைத்து 1967 இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு இவற்றுள் முதன்மையானது. பொறுப்பு மிகுந்த உயரதிகாரிகளுக்கே மாரடைப்பு மிகுதி என்பது அன்றைய பொது நம்பிக்கை. கிடைத்த முடிவோ எதிரானது. மிகத் தாழ்ந்த நிலையில் பணியாற்றிய ஆண்களின் இறப்பு விகிதம், மிக உயர்ந்த நிலையில் இருந்தோரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் வேறுபாடு மறையவில்லை. 1985 இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பெண்களும் சேர்க்கப்பட்டனர்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மைக்கேல் மார்மோட்டும் அவருடைய குழுவினரும், தம் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று தாமே முடிவுசெய்யும் உரிமை குறைந்தவர்களிடம் இதய நோய் மிகுந்திருப்பதைக் கண்டனர்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979 இல் இதற்கு ஒரு மாதிரியை வகுத்திருந்தார். வேலையின் சுமை ஒரு பக்கம், செய்பவரின் கட்டுப்பாடு மறு பக்கம். சுமை மிகுந்து கட்டுப்பாடும் மிகுந்திருந்தால் அவ்வேலை ஆளை வளர்க்கின்றது. சுமை மிகுந்து கட்டுப்பாடு குறைந்திருந்தால் நோய்க்கு வழி செய்கின்றது. சுமையின் அளவை மட்டும் கொண்டு வேலையை மதிப்பிட இயலாது என்பதே இரு தரப்பும் கூறுவது. பாடும் ஆக்கமும் என்று குமரப்பா பிரித்ததை வேறு சொற்களில் இங்கே காணலாம்.

ஓய்வைப் பற்றிய ஆய்வில் செருமானிய உளவியலாளர் சபினே சோன்னன்டாக் முக்கியமானவர். வேலை முடிந்தபின் மீண்டெழ உதவுவன எவை என்று ஆராய்ந்து, சார்லட் ஃபிரிட்சுடன் சேர்ந்து 2007 இல் நான்கைக் குறிப்பிட்டார்: மனத்தளவில் வேலையிலிருந்து விலகுதல், தளர்ந்திருத்தல், புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுதல், நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளுதல். மூன்றாவது கூறு பலருக்கு வியப்பளிக்கும். களைத்து வீடு திரும்பியவர் வீணையோ நீச்சலோ கற்பதும் ஓய்வாக அமையக்கூடும். உறுப்பு மாறி இயங்குவதே இளைப்பாறல் என்று குமரப்பா கூறியது இதுவே. முதற்கூறு அவருடைய கருத்துக்கு ஒரு திருத்தமாகவும் உள்ளது. வேலையை மனத்திலிருந்து இறக்கிவைக்கும் நேரம் தனியாகவும் தேவை. வேலை எவ்வளவு நிறைவானதாக இருந்தாலும் இத்தேவை நீங்குவதில்லை.

மூச்சைச் சீராக்கி அமர்ந்திருத்தல், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உருவிடுதல் போன்ற முறைகளால் இதயத் துடிப்பும் உடலின் உயிர்வளித் தேவையும் குறைவதை ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் அளந்து காட்டினார். அவருடைய நூல் 1975 இல் வெளிவந்தது. 1979 இல் ஜான் கபாட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி இன்று உலகெங்கும் நடத்தப்படுகின்றது. இம்முறைகளால் பயன் உண்டு. ஆனால் கராசெக் மாதிரியை வைத்துப் பார்த்தால், இவை திரிபைக் குறைக்கின்றன. தகைவை அப்படியே விட்டுவிடுகின்றன. நள்ளிரவு வரை வேலை வாங்கும் நிறுவனம் அலுவலகத்தில் தியான அறை அமைத்துக் கொடுப்பதில் உள்ள நகைமுரணை மென்பொருள் துறையில் இருப்போர் அறிவர்.

அதே துறைக்கு நேரடியாகப் பொருந்தும் மற்றொரு முடிவும் உண்டு. குளோரியா மார்க்கும் அவருடைய குழுவினரும் 2008 இல் வெளியிட்ட சோதனையில், இடையிடையே குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை விரைவாகவே முடித்தனர். ஆனால் அதற்கு விலையாகக் கூடுதல் நெருக்கடியையும் எரிச்சலையும் உணர்ந்தனர். மேலாண்மைக் கணக்கில் இதில் இலாபம் மட்டுமே தெரியும். குமரப்பா எழுத விரும்பிய கணக்கேட்டில் இரண்டாவது பத்தியும் இருந்திருக்கும்.

நீண்ட வேலை நேரத்தைப் பற்றி உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021 இல் வெளியிட்ட மதிப்பீடு, வாரத்துக்கு 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் தொடர்பாக 2016 ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 7,45,000 பேர் இறந்ததாகக் கூறுகின்றது. 35 முதல் 40 மணிநேரம் உழைப்போருடன் ஒப்பிட, இவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு 35 விழுக்காடும் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி. வேலையின் தரம் எவ்வாறாயினும் நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு இது சான்று.

பரவல்

குமரப்பாவின் இக்கருத்து தமிழகத்தை விட வெளியில்தான் மிகுதியாக அறியப்பட்டது எனலாம். அதற்குக் காரணம் ஈ. எஃப். ஷூமாக்கர். பிரித்தானிய நிலக்கரி வாரியத்தின் பொருளியல் ஆலோசகராக இருந்த இவர் 1955 இல் பர்மா சென்றார். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த "பௌத்தப் பொருளியல்" என்னும் கட்டுரையில், வேலையைப் பற்றிய குமரப்பாவின் பகுதியை எடுத்தாண்டார். 1973 இல் வெளியான "ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்" என்னும் அவருடைய புகழ்பெற்ற நூலில் அக்கட்டுரை சேர்க்கப்பட்டது. தஞ்சாவூரில் பிறந்த ஒரு கிறித்தவரின் கருத்து, பர்மா சென்ற செருமானியர் ஒருவரின் வழியாகப் பௌத்தக் கருத்தாக உலகை வலம் வந்தது ஒரு சுவையான செய்தி.

விமர்சனங்கள்

கிராம வேலையில் ஓய்வும் நிறைவும் இயல்பாகவே கலந்திருந்தன என்பது மிகைப்படுத்தப்பட்ட சித்திரம் என்பது முதன்மையான எதிர்ப்பு. நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் வேலைக்குள் ஓய்வைக் கொண்டு வந்தன என்பது உண்மையே. ஆனால் இடுப்பொடிய நாற்று நட்ட பெண்கள் களிப்பினால் மட்டும் பாடினார்கள் என்று கொள்வதற்கில்லை. பாடாவிட்டால் அந்த வேலை தாங்காது என்பதும் ஒரு காரணம். கைக்குத்தல் அரிசி உடலுக்கு நல்லதுதான், குத்துபவரின் தோள் அதற்கு ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. கருவிகளைத் திருத்திப் பாட்டைக் குறைக்க மகன்வாடி முயன்றதைக் குமரப்பா சார்பில் சொல்லலாம். புகையில்லா அடுப்பு அதற்கு எடுத்துக்காட்டு.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கடுமையானது. பாடும் ஆக்கமும் பிரிந்தது பேரரசுகளாலும் ஆலைகளாலும் மட்டும் அன்று. இந்தியக் கிராமத்தில் சாதி அதனை நூற்றாண்டுகளாகச் செய்துவந்துள்ளது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கின்றது என்று அம்பேத்கர் 1936 இல் எழுதினார். கழிவகற்றும் வேலை பிறப்பால் சுமத்தப்பட்டவரிடம் வேலையின் நிறைவைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஆசிரமங்களில் அனைவரும் கழிவறை துப்புரவு செய்ய வேண்டும் என்ற விதி இதற்கு ஒரு விடையாக முன்வைக்கப்பட்டது. ஆசிரம எல்லைக்கு வெளியே அது பெரிதும் பரவவில்லை.

மூன்றாவதாக, கட்டுப்பாடு தம் கையில் இருந்தும் நிம்மதி இல்லாத வேலைகள் உண்டு. கல்லுப்பட்டியைச் சுற்றியுள்ள மானாவாரி உழவர் எப்போது விதைப்பது என்று தாமே முடிவு செய்கின்றார். மழையையும் பருத்தி விலையையும் அவர் முடிவு செய்வதில்லை. மூச்சுப் பயிற்சி அவருடைய கடனைக் குறைக்காது. இத்தகைய நெருக்கடிக்கு மருந்து பயிர்க் காப்பீட்டிலும் கொள்முதல் விலையிலும் இருக்கின்றது. நில உரிமை, வேளாண் கடன் ஆகியவற்றில் நிலச் சீர்திருத்தக் குழு கவனம் செலுத்தியதை நோக்கினால், குமரப்பா இதனை அறியாதவர் அல்லர்.

மருத்துவ உதவி

2019 இல் உலக நலவாழ்வு அமைப்பு ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பில், வேலையால் உண்டாகும் முற்றிய அயர்ச்சி, நோயாக அன்றிப் பணிசார்ந்த நிகழ்வாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையின் மீது வெறுப்பு, திறன் குன்றுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். வேலையை மாற்றினாலோ குறைத்தாலோ இது தணியக்கூடும். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஓய்வோ ஊர்மாற்றமோ மட்டும் போதாது, மருத்துவரைக் காண வேண்டும். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் உதவி கிடைக்கும்.

சட்டங்களில் ஓய்வு

வேலைக்குள் ஓய்வு என்பது சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணிநேரத்தை எல்லையாக வகுத்ததுடன், தொடர்ந்து ஐந்து மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையே அரை மணிநேரமாவது இடைவேளை தர வேண்டும் என்றும் விதித்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், நாளொன்றுக்கு 12 மணிநேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் அது சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இவற்றை விட எளியது 2021 இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம். துணிக்கடை, நகைக்கடை போன்றவற்றின் ஊழியர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. கால்நரம்புச் சுருட்டல் அவர்களிடையே பரவலாகக் காணப்பட்ட தொல்லை. கேரளத்தை அடுத்துத் தமிழகமும் இதற்குச் சட்டம் இயற்றியது. அதன்படி, வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அமர்ந்துகொள்ள இருக்கை வசதி செய்து தர வேண்டும்.